இடுப்பளவு திறந்த ஷட்டர்

லால் பாஷா பாயின் ஷெட்டில் ஷட்டர் முழுதாகத் திறந்து நான் பார்த்ததே இல்லை. இடுப்பளவுக்குத்தான் திறந்திருக்கும். உள்ளே போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். "முழுசா தெறந்தா காத்து வரும்ல பாய்?" என்று யாராவது கேட்டால், "காத்து வரும். கூடவே கண்ணும் வரும்" என்பார்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில், பெரிய கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்களுக்குப் பின்னால் ஓடும் சந்து எங்களுடையது. அவருடைய ஷெட்டுக்கு எதிர் வரிசையில் எங்கள் வீடு. உள்ளே இரும்பைக் கடையும் லேத் இரண்டு, கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் ஒன்று. வேலைக்கு மூன்று பேர். பெரிய கம்பெனி டிராயிங்கும் இரும்புக் கம்பியும் கொடுக்கும். பாய் அதை அளவு மாறாமல் கடைந்து திருப்பிக் கொடுப்பார். இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர்.

இந்தத் தொழிலில் ஒரு பயம் எப்போதும் உண்டு. இன்றைக்கு உங்கள் ஷெட்டில் ஓடும் வேலை நாளைக்கு அடுத்த சந்துக்குப் போய்விடலாம். நீங்கள் எந்தக் கம்பெனிக்கு எதைச் செய்கிறீர்கள் என்று இன்னொருவருக்குத் தெரிந்தால் போதும். அவர் அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்று, உங்களைவிடக் குறைவாக ஒரு ரேட் சொல்லிவிடுவார்.

அதனால் பாய் யாரையும் நம்புவதில்லை. டீ கொண்டுவரும் பையன் உள்ளே நுழைந்தாலும் டிராயிங்கைக் குப்புறத் திருப்பிவிடுவார். முடிந்த வேலையின் மேல் சாக்கு போட்டு மூடுவார். கம்பெனிகளின் பெயரை வாயால் சொல்லவே மாட்டார். எல்லாவற்றுக்கும் உறவுமுறையில் ஒரு பெயர் வைத்திருந்தார். எப்போதாவது வந்து, வந்த அன்றே எல்லாம் தடபுடலாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் கம்பெனி 'பெங்களூரு மாப்பிள்ளை'. ஒவ்வொரு பீஸையும் அளந்து பார்த்துக் குறை சொல்லும் கம்பெனி 'மாமியார்'.

இந்தக் கதை மாமியாரைப் பற்றியது. மாமியாருக்குப் பாய் ஒரு புஷ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். விரல் நீளத்தில் ஒரு சின்ன இரும்புக் குழல். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் சி.என்.சி. மெஷின் ஓடியதே அதை வைத்துத்தான். புஷ் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அதை ஓட்டும் கிருஷ்ணப்பனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

பாயின் மகள் ஸோயா அக்கா பி.காம். படித்துவிட்டு ஷெட்டின் பில், ஜி.எஸ்.டி. எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் அவர்தான் ஷெட்டுக்கு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கினார். பாய் மூன்று கட்டளை போட்டார். பீஸ் தெரியக் கூடாது, டிராயிங் தெரியக் கூடாது, ஆள் முகம் தெரியக் கூடாது.

"அப்ப என்னத்த அத்தா எடுக்கறது?"

"சுருள எடு."

லேத்தில் இரும்பைச் சீவும்போது சுருள் சுருளாகக் கிளம்பி வருமே, அதை எடுத்தார். சூட்டில் ஊதா நிறம் ஏறி, ஜிலேபி பிழிவதுபோல் அது சுற்றிச் சுற்றி விழும். முதல் ரீலையே நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பாய் வெளியே முறைப்பாகத்தான் இருந்தார். ஆனால் மதியம் சாப்பிட்ட பிறகு ஷட்டருக்குப் பின்னால் நின்று அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார் என்று அக்கா சொன்னார்.

வேலை ஏதாவது வந்ததா? அசாமிலிருந்து ஒருவர் வேலை கேட்டார். ஒரு பாலிடெக்னிக் மாணவர் மெஷினின் வேகம் என்ன என்று கேட்டார். அந்தச் சுருளை வீட்டில் அலங்காரத்துக்கு வைக்க விலைக்குத் தருவீர்களா என்றுகூட ஒரு பெண் கேட்டார். கெலமங்கலத்திலிருந்து ஒருவர் கரும்பு ஜூஸ் மெஷினின் ரோலரைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அதைப் பாய் சரிசெய்து கொடுத்தார். கம்பெனி என்று ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் வெஸ்லின் வந்தான். அக்காவோடு கல்லூரியில் படித்தவன். சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவன் தொழில். குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"இன்ஸ்டா மட்டும் போதாது பாய். அது சந்தையில நின்னு கத்தற மாதிரி. கும்பல் வரும், போவும். வெப்சைட்டுதான் உங்களுக்குச் சொந்த கட."

"அதுல என்னா போடுவ?"

"உங்க மெஷினு, அட்ரஸ்ஸு, நீங்க என்ன வேல பண்றீங்க. அப்புறம் 'எங்கள் வாடிக்கையாளர்கள்'னு ஒரு பக்கம். கம்பெனி லோகோ எல்லாம் வரிசையா வரும். பாக்கவே கெத்தா இருக்கும் பாய்."

பாய் கையிலிருந்த மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தார். "ஊட்டு சாவிய எங்க வெக்கிறேன்னு அதுக்கும் ஒரு பக்கம் போட்ரலாமா தம்பி?"

வெஸ்லின் சிரித்தான். பாய் சிரிக்கவில்லை.

"அந்த வெப்சைட் பேரு யார் பேர்ல இருக்கும்?"

"என் அக்கவுண்ட்லதான் பாய். எல்லாருக்கும் அப்பிடித்தான் பண்றேன். உங்களுக்கு ஈஸி."

"நாளைக்கி நீ கோச்சிகினு போய்ட்டா?"

"நான் எதுக்கு பாய் கோச்சிக்கறேன்?"

"கோச்சிக்க மாட்டேங்கறவன்தான் மொதல்ல கோச்சிப்பான். போய்ட்டு வா தம்பி."

வெஸ்லின் போகும்போது வெளியே நின்று ஷெட்டை செல்போனில் இரண்டு படம் எடுத்தான். பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சில வாரம் கழித்து மாமியார் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே பர்ச்சேஸ் பார்க்கும் வின்சி மேடம். பாய் ஸ்பீக்கரில் போட்டதால் ஸோயா அக்காவும் கேட்டார்.

"பாய், அந்த புஷ்ஷுக்கு வேற ஒருத்தங்க கொட்டேஷன் குடுத்திருக்காங்க. உங்கள விட கம்மி."

"யாரு மேடம்?"

"அத நான் சொல்லக் கூடாது பாய். புனே ஹெட் ஆபீஸ்ல ஒரு சார் இருக்காரு, அவருதான் முடிவு பண்ணுவாரு. வர்ற வெள்ளிக்கிழம மீட்டிங்கு. உங்க ஷெட்டு பேர நெட்ல தேடியிருக்காரு."

"தேடி?"

"சுருளு சுத்தற வீடியோதான் வந்துச்சாம். இது மெஷின் ஷாப்பா, சர்க்கஸான்னு கேக்கறாரு. அவங்களுக்கு வெப்சைட்டு இருக்கு. உங்களுக்கு என்னா இருக்கோ அனுப்புங்க பாய்."

வேறு யாராக இருந்தாலும், புனேக்காரருக்கு என்ன அனுப்பலாம் என்று யோசித்திருப்பார்கள். பாய் யோசித்தது வேறு. புஷ்ஷை ஒருவரும் பார்த்ததில்லை, டிராயிங்கை ஒருவரும் பார்த்ததில்லை. அப்படியென்றால் வெளியே சொன்னது யார்?

முதல் சந்தேகம் வெஸ்லின் மேல். இரண்டு படம் எடுத்தான் அல்லவா. அடுத்தது டெம்போ ஓட்டும் கோவிந்தப்பன் மேல். மறுநாளே பாய் வேறு டெம்போ வைத்தார். அடுத்தது பக்கத்துச் சந்தில் இதே தொழில் செய்யும் ஆஞ்சப்பன் மேல். ஸோயா அக்கா போடும் ஒவ்வொரு ரீலுக்கும் ஆஞ்சப்பன் தவறாமல் ஹார்ட் விடுவார்.

"நேர்ல பாத்தா மூஞ்ச திருப்பிக்கறான். ரீலுக்கு மட்டும் எதுக்கு ஹார்ட்டு?" என்று பாய் நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் கிருஷ்ணப்பனிடமே போய் நின்றார். "உன் மச்சான் எந்த கம்பெனில வேல செய்யறான்?"

கிருஷ்ணப்பன் மெஷினை நிறுத்தினார். "எதுக்கு பாய் கேக்கற?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேக்க மாட்ட பாய். என்னையேவா?" என்றவர் மறுபடி மெஷினைப் போட்டார். அன்றைக்கு வந்த டீயை அவர் தொடவில்லை. தம்ளரில் ஆடை கட்டி, டீ அப்படியே இருந்தது.

புதன்கிழமை மதியம் பாயின் வீட்டம்மா அதியா அனுப்பிய சாப்பாட்டை அப்பாவும் மகளும் ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆஞ்சப்பனும் வீடியோ போட்றானாமே. அவன் பக்கத்த காட்டு" என்றார் பாய்.

அக்கா எடுத்துக் காட்டினார். கிரைண்டிங் மெஷினில் தீப்பொறி பறக்கும் வீடியோ. பொறியைப் பாய் பார்க்கவே இல்லை.

"நிறுத்து. அந்த மூலைய பெருசாக்கு."

மூலையில், பாதி மறைந்தபடி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரே இருந்தது. அதன் கைப்பிடி கறுப்பு. பாயின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஓ! போச்சம்பள்ளி கம்பெனி வேல எடுத்திருக்கானா இவன்? ஒரு வார்த்த சொல்லலயே!"

"எப்பிடி அத்தா தெரியும்?"

"டிரேவ பாரும்மா. அதுல பேரு வேற எழுதணுமா?"

வெளியாட்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். ஒவ்வொரு கம்பெனியும் தன் சாமானைத் தன்னுடைய நிற டிரேயில்தான் அனுப்பும். ஜாப் ஒர்க் ஷெட்டில் நான்கு கம்பெனி வேலை ஒன்றாகக் கிடக்கும்போது கலந்துவிடக் கூடாது என்பதற்காக. தொழிலில் இருக்கிறவர்களுக்கு ரோட்டில் போகும் டெம்போவைப் பார்த்தாலே அது எந்த கேட்டுக்குள் போகும் என்று தெரியும். பாய் சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் டெம்போவின் தார்ப்பாய் இடுக்கில் எட்டிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஸோயா அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஆஞ்சப்பன் பக்கத்தை மூடினார். தங்கள் பக்கத்தைத் திறந்து, நாற்பதாயிரம் பேர் பார்த்த அந்த முதல் ரீலைப் போட்டு, போனை அப்பாவின் கையில் கொடுத்தார்.

முன்னால் சுருள் சுழன்றது. பின்னால், மாமியாரின் வெள்ளைக் கோடு போட்ட நீல டிரேக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கி நின்றன. கழுவித் துடைத்து, பளபளவென்று.

அதைக் கழுவி அடுக்கச் சொன்னது பாய்தான். வீடியோவில் ஷெட் குப்பையாகத் தெரியக் கூடாது என்று கிருஷ்ணப்பனை அரை நாள் அதற்கே விட்டிருந்தார். பீஸை மூடினார், டிராயிங்கை மூடினார், ஷட்டரைக்கூட இறக்கினார். டிரேயை மட்டும் கேமரா முன்னால் கொண்டுவந்து வைத்தார். தினமும் கண்ணில் படுகிற சாமான் என்பதால் அது அவர் கண்ணில் படவே இல்லை.

"நாப்பதாயிரம் பேரா?" என்றார்.

"ஆமா அத்தா."

"டிரே தெரிஞ்சவன் ஒருத்தன் போதுமே. என்ன வேலன்னு அந்த கேட்டுல போயி விசாரிச்சிக்குவான்."

எழுந்து கையைக் கழுவினார். பிறகு தானே போய் டீ வாங்கிவந்து கிருஷ்ணப்பன் பக்கத்தில் வைத்தார்.

"வேணாம் பாய்."

"குடிடா. உனக்குன்னு சக்கர கம்மியா போடச் சொன்னேன்."

கிருஷ்ணப்பன் தம்ளரைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "கோவிந்தப்பனுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வா. அவன் ரெண்டு நாளா வண்டிய சும்மா நிறுத்தி வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் குடித்தார்.

அந்த ரீலை அக்கா அழித்தார். "எல்லாத்தையும் மூடு. வீடியோவும் வேணாம், வெப்சைட்டும் வேணாம்" என்று பாய் கத்தினார். அப்போது அக்கா கேட்ட கேள்வியை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

"அத்தா, புதுசா ஒருத்தர்கிட்ட டூல்ஸ் வாங்கணும்னா நீங்க மொதல்ல என்னா பண்ணுவீங்க?"

"அவன் கடைக்கிப் போயி ஒரு சுத்து சுத்திட்டு வருவேன்."

"எதுக்கு?"

"நெசமாவே கட வெச்சிருக்கானா, டுபாக்கூரான்னு பாக்கத்தான்."

"அந்த புனே சாரும் உங்கள மாதிரி ஆளுதான் அத்தா. யாரையும் நம்ப மாட்டாரு. அவரு எங்க வந்து சுத்துவாரு?"

பாய் போனை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "அந்த வெஸ்லின் பையன கூப்புடு" என்றார்.

வெஸ்லின் அன்று மாலையே வந்தான். பாய் மறுபடி கட்டளை போட்டார். வெப்சைட் பெயர் ஸோயா பெயரில்தான் பதிவாக வேண்டும். பாஸ்வேர்டு அவளிடம்தான் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பக்கம் கிடையாது. 'லோகோ' என்ற சொல்லே இங்கே வரக் கூடாது.

"எல்லாரும் போட்றாங்களே பாய்."

"எல்லாரும் ஷட்டர முழுசா தெறந்து வெக்கிறாங்க."

படம் எடுப்பதற்கு முன்னால் டிரே அத்தனையும் பின்பக்கம் போயின. எடுத்த ஒவ்வொரு படத்தையும் பாய் விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார். சுவரில் ஒரு காலண்டர் தெரிந்தது. அது டூல்ஸ் கடை கொடுத்தது, அவர் எங்கே டூல்ஸ் வாங்குகிறார் என்பதை அது சொல்லிவிடும். எடுக்கச் சொன்னார். அடுத்த படத்தில் சாக்கு தெரிந்தது. சாக்கு இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரியும். அதையும் எடுக்கச் சொன்னார். கடைசியில் மெஷின்களும் தரையும்தான் மிஞ்சின.

"அத்தா, இது மெஷின் ஷாப்பா, வாடகைக்கு விட்ற ஷெட்டா?"

"மெஷின் தெரியுதான்னு பாரு. போதும்."

மெஷின்களின் பெயர், எந்த அளவு வரைக்கும் கடைய முடியும், அளந்து பார்க்க என்ன கருவிகள் இருக்கின்றன, ஷெட்டுக்கு வழி, போன் நம்பர். ஒரே பக்கம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் லிங்க் மாமியார் வீட்டுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போய்விட்டு வந்தும் போன் வரவில்லை. கிருஷ்ணப்பன் மெஷினைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். நாலு மணி ஷிப்ட் பஸ்கள் எங்கள் சந்து முனையைத் தாண்டிப் போன பிறகுதான் வின்சி மேடம் கூப்பிட்டார்.

"பாய், சார் உங்க வெப்சைட்ட பாத்தாரு. எல்லாம் இருக்கு, கஸ்டமர் பேரு ஒண்ணுகூட இல்லியேன்னு கேட்டாரு."

பாயின் பேச்சில் மாற்றமில்லை. "இல்ல மேடம். உங்க பேர நான் வெளிய சொல்லல. இனிமேயும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "அதத்தான் பாய் நானும் அவருக்குச் சொன்னேன். அந்தாளுங்க சைட்ல எங்க லோகோ இருக்கு. ஆர்டரே இன்னும் குடுக்கல, அதுக்குள்ள நாங்க அவங்க கஸ்டமராம்! சார் பாத்தாரு, அப்பிடியே மூடிட்டாரு. புஷ் உங்ககிட்டயே இருக்கட்டும். ரேட்ல கொஞ்சம் எறங்கி வரணும், அது வேற விஷயம்."

பாய் இறங்கினார். மாமியார் வேலை தங்கியது. கிருஷ்ணப்பனும் தங்கினார். கோவிந்தப்பன் மறுபடி டெம்போ ஓட்ட வந்தார், ஆனால் பாயிடம் ஒரு வாரம் பேசவில்லை.

சின்னத் தொழிலுக்கு இன்ஸ்டா போதுமா, வெப்சைட்டும் வேண்டுமா என்று இப்போது எங்கள் சந்தில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரீலைப் பார்ப்பவர்கள் நம்மைத் தேடி வந்தவர்கள் இல்லை. அது யார் கையில் போய் விழும் என்று நமக்குத் தெரியாது. வெப்சைட்டுக்கு வருகிறவர் நம் பெயரை எங்கேயோ கேட்டுவிட்டு, நம்மேல் சந்தேகத்தோடு வருகிறார். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பதில் வேண்டும். பாய்க்கு இதைவிட அதிகமாகச் சொல்லிப் புரியவைக்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் வெப்சைட் வைத்தவரெல்லாம் பிழைத்துவிடுவார் என்றும் இல்லை. அந்த இன்னொரு ஷெட்டைக் கவிழ்த்ததும் வெப்சைட்தான்.

அந்த இன்னொரு ஷெட் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. மாமியாரின் லோகோ போட்ட சைட்டை வெஸ்லின் தேடிப் பார்த்தான். அதற்குள் லோகோவை எடுத்துவிட்டார்கள்போல.

பாயின் மனதில் ஆஞ்சப்பனின் ஆரஞ்சு டிரே மட்டும் கிடந்து உறுத்தியது. போச்சம்பள்ளி ஒன்றரை மணி நேரப் பயணம்தான். போய் ஒரு ரேட் சொல்லலாம். ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தார். ஆனால் அரை மணியில் திரும்பி வந்துவிட்டார்.

"ஸோயா, ஆஞ்சப்பனுக்கு ஒரு மெசேஜ் போடு. 'உன் வீடியோல டிரே தெரியுது, எடுத்துடு'ன்னு போடு."

மெசேஜ் போன கொஞ்ச நேரத்தில் ஆஞ்சப்பனே வந்துவிட்டார். ஷட்டருக்கு அடியில் தலை மட்டும் தெரிந்தது. பேச்சில் கன்னடம் கலந்திருந்தது.

"ஏனு பாய், எதுக்கு எனக்கு நல்லது பண்ற? உனக்கு என்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ப்பா."

"ஒண்ணும் வேணாங்கறவன்கிட்டதான் உஷாரா இருக்கணும்." உள்ளே வந்து நிமிர்ந்தார். "உன் நீல டிரேய நான் அப்பவே பாத்துட்டேன். எதுக்கு ஹார்ட்டு விட்டேன்னு நெனச்ச? நான் பாத்துட்டேன்னு நீ தெரிஞ்சிக்கத்தான்."

"வாய தெறந்து சொல்றதுக்கென்னா?"

"சொன்னா, இவன் எதுக்கு சொல்றான்னு என்மேலயே சந்தேகப்படுவ. படமாட்டியா?"

பாய் ஒரு டீயை அவர் பக்கம் நகர்த்தினார். "கொட்டேஷன் குடுத்தது நீயா?" என்று கேட்டார்.

"நான் குடுத்திருந்தா ஹார்ட்டு விட்டுகினு இருப்பனா?"

ஆஞ்சப்பன் டீ குடித்துவிட்டுப் போனார். போகும்போது மெஷின் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே குனிந்தார்.

"இவன் சொல்றது நெசமா இருக்கும்ங்கறியா ஸோயா?"

"தெரியல அத்தா."

"எனக்கும்தான் தெரியல" என்று சொல்லிவிட்டு, பாய் ஷட்டரை இன்னும் ஒரு சாண் கீழே இழுத்துவிட்டார்.

இதில் பாதி நான் பார்த்தது, மீதி ஸோயா அக்கா சொன்னது. எழுதப் போகிறேன் என்று பாயிடம் அனுமதி கேட்டேன். தன் பெயரைப் போடுவாயா என்றோ, நல்லவிதமாக எழுதுவாயா என்றோ அவர் கேட்கவில்லை. "டிரே கலரு எழுதப் போறியா?" என்றுதான் கேட்டார். அதனால், இங்கே நீலம் என்று எழுதியிருப்பது நீலம் இல்லை. ஆரஞ்சும் ஆரஞ்சு இல்லை. எழுதி முடித்ததும் போனில் அவருக்குக் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் விரலை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.